ஒரு குறியின் வேறுபாடு

கணினியில் எழுதவும் திருத்தவும் 1976-ஆம் ஆண்டு பில் ஜாய் என்பார் பெர்க்கிலியில் இயற்றிய 'வி.ஐ.' என்னும் உரைத்தொகுப்பியை, ஓய்வு பெற்றபின் நான் பயின்றேன். அதில் முக்காற்புள்ளியும் வியப்புக்குறியும் இட்டு ஒரு கட்டளையை எழுதினால், ஏட்டை மூடாமலே கணினி அதனை நிறைவேற்றி விடையைக் காட்டும். அவ்விரு குறிகளுக்கும் இடையே விழுக்காட்டுக்குறியை இட்டாலோ, ஏடு முழுவதும் அக்கட்டளையிடம் ஒப்படைக்கப்படும். விடையே ஏட்டின் இடத்தில் அமரும். 'சார்ட்' என்றால் வரிகள் வரிசைப்படும்.

பழைய மாணவர் பட்டியலை அவ்வாறு வரிசைப்படுத்திய ஒருநாள், தேதியை அறிய 'டேட்' என்று கேட்டேன். கைப்பழக்கத்தால் விழுக்காட்டுக்குறியும் சேர்ந்துவிட்டது. பெயரெல்லாம் மறைந்து, தேதி மட்டும் நின்றது! நடுங்கிய விரலால் 'யு' என்னும் எழுத்தை அழுத்தினேன், பட்டியல் மீண்டது. கட்டளையிடுமுன், அதன் விடை எங்கே சென்று அமரும் என்பதை எண்ணிப் பாருங்கள்.