தொண்டாற்றும் இளைஞர் தளராதிருக்க
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் சாந்தியும் சமாதானமும் நிலவட்டுமாக!



நம் இளைஞர் அணியினர் தளராது தொண்டாற்ற நாம் செய்ய வேண்டுவது யாது என்பது குறித்துப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளேன்.

இளைஞர்களுக்கு ஆர்வம் இல்லை எனக் குறை கூறுவது எளிது. நடந்தவை அவ்வாறு சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய கடலோர ஊர்களில் சாதி சமயம் பாராது உடல்களைச் சுமந்தவர்கள் நம் இளைஞர்கள். 2015 டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம் வந்தபோது பள்ளிவாசல்கள் புகலிடங்களாயின. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் இறந்தோரை உறவினரே நெருங்க அஞ்சிய வேளையில், அவரவர் சமய முறைப்படி இறுதிக் கடன் முடித்தவர்களிலும் நம் சமுதாய இளைஞர் பலர் இருந்தனர். ஆபத்து வேளையில் எழும் அந்த ஆர்வத்தை அமைதிக் காலத்திலும் காத்து வளர்ப்பதே நம் கடமை.

மக்கள் ஏன் தொண்டாற்ற முன்வருகின்றனர் என ஆராய்ந்த கிளாரி, ஸ்னைடர் முதலிய அமெரிக்க உளவியலாளர்கள், 1998இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு நோக்கங்களைக் குறித்தனர். கொள்கைப் பற்று, புதியன கற்றல், நட்புறவு, தொழில் முன்னேற்றம், மனச்சுமை குறைதல், தன்மதிப்பு உயர்தல் என்பன அவை. எதனை நாடி வந்தாரோ அது கிட்டுமிடத்தில் தொண்டர் மனநிறைவு பெறுகிறார். நமக்கு இறைப் பொருத்தமே முதல் நோக்கம், அதில் ஐயமில்லை. ஆயினும் கணக்கெழுதக் கற்க விரும்பும் மாணவனை ஆண்டு முழுவதும் நாற்காலி சுமக்க வைத்துவிட்டு, அவன் வராதபோது அவனுடைய இக்லாஸைக் குறை கூறுவது நீதியாகாது.

பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வில் இதற்கு மூன்று முன்மாதிரிகள் உள்ளன. ஏறத்தாழ இருபது வயதினரான உஸாமா (ரலி) அவர்களை, மூத்த நபித்தோழர்கள் இடம்பெற்ற படைக்குத் தளபதியாக்கினார்கள், இது நம்பிக்கை. ஹிஜ்ரி 5இல் அகழ் தோண்டியபோது தாமும் மண் சுமந்தார்கள், இது பங்கேற்பு. பள்ளிவாசலைப் பெருக்கிவந்த பெண்மணியைக் காணாது விசாரித்து, அவர் மறைந்ததறிந்து அவரது கப்ருக்குச் சென்று தொழுதார்கள், இது மதிப்பு.

சகோதரர்களே, என் தவறொன்றையும் இங்கு ஒப்புக்கொள்கிறேன். பல்லாண்டுகளுக்கு முன் ஒரு ரமளானில் நோன்புக் கஞ்சிப் பொறுப்பு என்னிடம் இருந்தது. லுஹர் முதல் அஸர் வரை அடுப்படியில் நின்று தேக்சாவைக் கிளறிய இளைஞர் ஒருவர் இருந்தார். ஒருநாள் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. தூக்குவாளியுடன் வரிசையில் நின்ற சிறுவர்கள் முன்னிலையில் அவரைக் கடிந்துகொண்டேன். அதற்கு முந்தைய இருபது நாட்கள் கஞ்சி பக்குவமாக வந்ததற்கு ஒருமுறைகூட நான் நன்றி சொல்லவில்லை. மறுநாள் அவர் வரவில்லை. அதன்பின் எப்பணிக்கும் வரவில்லை. இளைஞர்கள் பொறுமையற்றவர்கள் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமை இழந்தவன் நானே என உணர வெகுகாலம் ஆயிற்று. அவர் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார்; ஆனால் அந்த ஆண்டுகள் திரும்பவில்லை.

ஆகவே நிர்வாகத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவது, நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இளைஞர் இருவருக்குக் கருத்துரைக்கும் உரிமையுடன் இடம் தருக. இரண்டாவது, இளைஞர் அணிக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கி, செலவிடும் அதிகாரத்தையும் கணக்கு ஒப்படைக்கும் பொறுப்பையும் அவர்களிடமே விடுக. மூன்றாவது, தேர்வுக் காலத்திலும் குடும்பச் சுமை மிகும் வேளையிலும் ஓய்வளித்து, பணியைச் சுழற்சி முறையில் பகிர்க. தவறு நேர்ந்தால் தனியே அழைத்துத் திருத்துவோம். நற்பணியைச் சபையில் பாராட்டுவோம்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். எவரும் பாராட்டாத நாட்களும் வரும். அன்று உங்கள் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஆனால் அந்த உண்மையைக் காட்டி, நன்றி கூறும் கடமையிலிருந்து பெரியவர்களாகிய நாங்கள் தப்பிக்க இயலாது.

நம் அனைவரின் பணிகளையும் வல்ல ரஹ்மான் ஏற்றருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.