விளையாட்டுத்தான், ஆனால் பாடம்

வத்தளையில் பிள்ளையைத் தரம் ஒன்றில் சேர்த்த கையோடு பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "என்ன டீச்சர், கொப்பியில ஒண்டையும் காணேல்லயே, நாள் முழுக்க விளையாட்டுத்தானா?"

விளையாட்டுத்தான். 1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் வகுத்த முறை அது. 1998இல் நம்முடைய கம்பஹா மாவட்டத்துத் தரம் ஒன்று வகுப்புகளில்தான் அதை முதலில் பரீட்சித்துப் பார்த்தார்கள்; அடுத்த ஆண்டு நாடு முழுவதற்கும் போனது. முதல் இரு தரங்களில் வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கே முதலிடம். மேசையில் குனிந்து எழுதுவது கொஞ்சம்தான். தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். ஆங்கிலம் வாய்ப்பேச்சாக வரும்.

களிமண் உருட்டுவதும் மணி கோர்ப்பதும் வீண்வேலை அல்ல. 'ண'வின் சுழிகளுக்கு விரல் பழக வேண்டாமா?

வீட்டில் என்ன செய்யலாம்? நீர்கொழும்பு வீதியில் நிற்கும்போது 240ஆம் இலக்க பஸ் வருகிறதா என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். மும்மொழிப் பெயர்ப்பலகையில் தமிழைத் தேடட்டும். கடைக்காரர் தரும் மிச்சக் காசை அதன் கையில் எண்ணக் கொடுங்கள். இரவில் ஒரு கதை வாசியுங்கள். நடுவில் குறுக்கே கேள்வி கேட்டால் கோபிக்காதீர்கள்.

புலமைப்பரிசில் பரீட்சை தரம் ஐந்தில்தானே! இப்போதே டியூஷன் தேடுகிறவர்களை நினைத்தால், பாவம் பிள்ளை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆசிரியரைச் சந்தித்தால் எத்தனையாம் பிள்ளை என்று விசாரிக்காமல், இந்த மாதம் புதிதாக என்ன செய்யப் பழகியது என்று கேளுங்கள்.