மணமும் ஓசையும்



போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிடங்கைக் கடந்து செல்வோரை முதலில் வரவேற்பது அதன் நறுமணமே. மேற்குமலைத் தோட்டங்களில் விளைந்த காய் மலையிறங்கி இவ்வூருக்கு விற்பனைக்கு வருகின்றது. மணம் ஒன்றுதான், ஆயினும் வணிகருக்கு அது விலை நிலவரத்தை நினைவூட்டும். நாள் முழுதும் காய் பொறுக்கும் பெண்ணுக்கு முதுகு வலியை நினைவூட்டும். விடுமுறைக்கு வந்து சென்ற பேரனுக்கோ, பாட்டி வைத்த பாயசத்தை நினைவூட்டும். இன்பமும் துன்பமும் மணத்தில் இல்லை; அதனை நுகர்ந்த வேளையில் நம் மனம் இருந்த நிலையே பின்னாளில் எழுகின்றது.

இதற்கு உடற்கூற்றிலேயே காரணம் உண்டு. காட்சியும் ஓசையும் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்னும் பகுதியின் வழியாகவே மேல்மூளையை அடைகின்றன. மணத்தின் செய்தியோ, மூக்கின் மேற்பகுதியிலுள்ள நரம்பணுக்களிலிருந்து நுகர்ச்சிக் குமிழுக்குச் சென்று, அங்கிருந்து அச்சம் முதலிய உணர்ச்சிகளுக்குரிய அமிக்டலாவை நேரே அடைகின்றது. நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் அதற்கு அண்மையிலேயே அமைந்துள்ளது. ஆகவேதான், இன்ன மணம் என்று பெயர் சொல்லுமுன்பே நெஞ்சு நெகிழ்கின்றது, அல்லது நடுங்குகின்றது.

ஓசைக்கும் இவ்வாற்றல் உண்டு. மதுரையிலிருந்து போடிக்கு 1928 இல் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. அகலப் பாதையாக மாற்றும் பொருட்டு 2010 ஆம் ஆண்டின் இறுதியில் வண்டிகள் நின்றன. 2022 மே மாதம் தேனிக்கும், 2023 சூன் மாதம் போடிக்கும் மீண்டும் வண்டி வந்தது. முதியோர்க்கு அவ்வூதல் பிரிந்த உறவினரின் குரல் போன்றது. இடையில் பிறந்த குழந்தைகட்கோ அது புத்தம் புதிய ஓசை. பழகிய செவிக்கே ஓசை பழங்கதை சொல்லும்.

துயர நினைவும் இவ்வழியே வரும். 2018 மார்ச் 11 அன்று போடியை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டது. மலையேறச் சென்றோரில் இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். காய்ந்த புல் எரியும் புகை நமக்கு வெறும் புகை. அத்தீயைக் கண்டவர்க்கு அது வேறொன்றாக இருத்தல் கூடும். அத்தகையோர் திடுக்கிட்டால், அதனைக் கோழைத்தனம் என்று நகைத்தல் தகாது.

அச்சத்திற்கு மாற்று இல்லையோ எனில், உண்டு. ருசிய அறிஞர் பாவ்லோவ், உணவுக்கு முன் ஓர் ஓசையைப் பன்முறை எழுப்பினார். பின்னர் ஓசை கேட்ட அளவிலேயே நாய்க்கு வாயில் நீர் ஊறியது. உணவின்றி ஓசையை மட்டும் பன்முறை எழுப்பவே, அப்பழக்கம் தேய்ந்தது. ஆயினும் சிறிது காலங்கழித்து அது மீண்டும் தலைகாட்டியது. இதிலிருந்து நாம் அறிவது யாது? பழைய நினைவு அழிவதில்லை. அதன்மேல் புதிய நினைவு படிகின்றது. அச்சம் தந்த ஓசையை, அன்புடையோர் அருகிருக்கப் படிப்படியாகக் கேட்டுப் பழகினால் அச்சம் குறையும். ஒரு நாள் அது திரும்பினும் முயற்சி வீணாயிற்று என்று சோர வேண்டா. மிகுந்த துன்பமெனில் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

பல்லாண்டு பள்ளியில் பணியாற்றியவன் என்னும் முறையில் ஒன்று கூறி முடிப்பேன். பள்ளி மணியோசை ஒரு சிறுவனுக்கு மகிழ்ச்சி; அதே ஓசை, தோழரின் கேலிக்கு ஆளாகும் மற்றொருவனுக்கு வயிற்றைக் கலக்கும். அவன் அருகில் இன்று நீங்கள் சென்று அமர்ந்தால், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஏதோ ஓர் ஊரில் அம்மணி ஒலிக்கக் கேட்டு அவன் முகம் மலர்தல் கூடும். அது உங்கள் கையில் இருக்கின்றது.