கோடை விடுமுறையும் கரிசல் சொற்களும்



விடுமுறையில் மாணவர்க்குரிய ஊர்ப்பணி எனில் மரம் நடுதலும் குளம் தூர்வாருதலுமே நினைவுக்கு வரும். 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இவற்றைப் பழக்கப்படுத்தியது. நற்பணிகளே. எனினும் திருவேங்கடத்துக் கரிசலில் தூர்ந்து வரும் மற்றொன்றும் உண்டு, அது பேச்சுவழக்கு.

பம்புசெட் வந்தது, கமலை நின்றது. அதனோடு கூனை, தும்பி, வடம், வால்கயிறு என்னும் சொற்களும் மறைந்து வருகின்றன. அவற்றைப் பொருளோடு விளக்க வல்லவர் இன்று முதியோரே.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் இவ்விழப்பை முன்னரே உணர்ந்து, 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். உழவரின் வாய்ச்சொல்லே அதன் ஊற்று. பள்ளிப் படிப்பை முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது.

2021இல் அவர் மறைந்தார், பணி மறையலாகாது. கோடையில் ஒவ்வொரு மாணவரும் குறிப்பேட்டோடு தம் பாட்டியின் முன் அமரட்டும். நாளொன்றுக்கு ஒரு சொல். அதன் பொருள், அது வழங்கும் வாக்கியம், சொன்னவர் ஊர் ஆகியவை போதும். 30 நாளில் 30 சொற்கள். அவற்றைச் சரிபார்த்து அச்சேற்றுதல், பத்தாண்டு நிறைவுற்ற இவ்விலக்கிய வட்டத்தின் கடமை.

குளத்தை அடுத்த ஆண்டும் தூர்வாரலாம். முதியோர் அடுத்த கோடைவரை இருப்பர் என்பதற்கு உறுதியில்லை. வருகின்ற விடுமுறையிலேயே தொடங்குக.