வெப்ப நாட்டின் செர்ரி

மெய்யான செர்ரி மரமானது, குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் 7 பாகைக்கும் குறைந்த குளிரில் உறங்கி எழுந்தாலன்றிச் செவ்வனே பூக்காத சுபாவமுடையது ஆகையால், உஷ்ணப் பிரதேசவாசிகளாகிய நாம் அதற்காக ஏங்குவதில் பயனில்லை. ஆயினும், ஜமைக்கா செர்ரி என்று உலகோர் வழங்குவதும், 1753-ல் லின்னேயஸ் முண்டிங்கியா கலபுரா என நாமகரணம் செய்ததுமான விருட்சமொன்று, தன் தாயகமாகிய வெப்ப அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்து, தேன்பழம் என்ற செல்லப் பெயருடன் நம் தெருவோரங்களிலேயே நிழல் பரப்பி நிற்கிறது.

அருகே சென்று பாருங்கள். இலையைத் தொட்டால் விரலில் இலேசாகப் பிசுபிசுக்கும். ஐந்து வெண்ணிற இதழ்கள் கொண்ட மலர் ஒரே நாளில் வாடிவிடும். ஆனால் அவ்விடத்தில் திரளும் சிறு கனியோ, பச்சை நிறம் மாறிச் சிவந்த பின், மெல்ல அழுத்திய மாத்திரத்தில் தோல் பிளந்து, கடுகினும் நுண்ணிய எண்ணற்ற விதைகளோடு மதுரமான ரசத்தை நாவில் சொரியும். எத்தனை அற்புதம்!

பழுத்த கனியை நீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதைகளை மணல் கலந்த மண்ணின்மேல் தூவி, ஒளியின்றி முளைக்கா என்பதால் மண்ணிட்டு மூடாமல் ஈரம் காத்து வந்தால், இரண்டொரு வருஷங்களில் மரம் காய்க்கும். வறட்சியைத் தாங்கும், உவர்மண்ணைத் தாங்காது. கிளைகள் கிடையாக நீண்டு காற்றில் முறிவன ஆதலால், கூரையை விட்டுச் சற்றுத் தள்ளி நடுவது உசிதம்.