நம் வளாகத்து நெட்வொர்க்: எதில் செலவழிப்பது, எதில் மிச்சம் பிடிப்பது
(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நெட்வொர்க் மாற்றும் வேலைக்கு வந்த மூன்று கொட்டேஷன்களும் நோட்டீஸ் போர்டில் இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு லிஃப்டில் என்னைப் பார்த்தவர்கள் பலரும் கேட்டது ஒரே கேள்வி. "வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்தாச்சு, அசோசியேஷனுக்கு எதுக்கு சார் தனியா ஒண்ணு?" நியாயமான கேள்விதான். உங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேமராக்கள், இரண்டு வாசல்களிலும் உள்ள தடுப்புக் கம்பங்கள், இன்டர்காம், அலுவலகத்தில் மெயின்டனன்ஸ் கணக்கு போடும் கம்ப்யூட்டர், கிளப் ஹவுஸ் வைஃபை, இத்தனையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பாதை இது. ஆறு பிளாக்கும் இரண்டு வாசலும் உள்ள நம் இடத்துக்கும் ஒரு பெரிய அலுவலக வளாகத்துக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் குறைவு.

என் பங்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதுள்ள கேபிளைப் போட்டபோது பொருளாளராக இருந்தவன் நான். மூன்று கொட்டேஷனில் குறைந்த தொகையைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். என்ன கேபிள், எந்த வழியாகப் போகிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

அதன் பலனைக் கடந்த நவம்பரில் பார்த்தோம். ஈ பிளாக் பார்க்கிங்கில் ஒரு ஸ்கூட்டர் காணாமல் போனது. கேமராப் பதிவைத் தேடினால் அந்த ஒரு நாள் மட்டுமல்ல, அதற்கு முந்தைய ஒன்பது நாட்களுக்கும் ஒன்றுமே இல்லை. பின்வாசல் செக்யூரிட்டி தூங்கிவிட்டார் என்று வாட்ஸ்அப் குழுவில் அன்று மாலையே தீர்ப்பு வந்துவிட்டது. ஏஜென்சி அவரை வேறு இடத்துக்கு மாற்றியது. இரண்டு வாரம் கழித்து எலக்ட்ரீஷியன் காம்பவுண்டுச் சுவரில் இருந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த சின்ன ஸ்விட்ச் கருகிக் கிடந்தது. இடி விழுந்த இரவிலிருந்து அந்தப் பக்கத்துக் கேமராக்கள் எல்லாமே செத்துப்போயிருந்தன. அந்த மனிதர் தூங்கினாரா இல்லையா, எனக்குத் தெரியாது. பெட்டி கருகியது நம் குற்றம் என்பது தெரியும்.

சுவரில் பெட்டி எதற்கு? தாமிர நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு. அதிலும் சுவருக்குள் போவது 90, இரண்டு முனையிலும் சொருகும் வயர்களுக்கு 10. டி பிளாக்கிலிருந்து ஈ பிளாக்குக்குப் போகும் வழி 130 மீட்டர். ஆகவே நடுவழியில் ஒரு ஸ்விட்ச், அதற்கு ஒரு கரன்ட் இணைப்பு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. காகிதத்தில் மலிவு. இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு பிளாக்குக்கும் தனி எர்த் இருக்கிறது. பக்கத்தில் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே மின்னழுத்தம் வேறுபடும். நடுவில் தாமிரக் கம்பி இருந்தால் அந்த வேறுபாடு அதன் வழியாகத்தான் ஓடும், முனையில் இருக்கும் கருவியைப் பொசுக்கும். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் போகும், மின்சாரம் போகாது. சிங்கிள் மோடு ஃபைபருக்கு ஒரு கிலோமீட்டர்கூடப் பெரிய தூரமில்லை. எனவே பிளாக்குக்கும் பிளாக்குக்கும் இடையில் தாமிரமே வேண்டாம் என்பது என் முதல் கோரிக்கை. அந்த ஃபைபரிலும் இரும்புக் கவசம் போட்டது வேண்டாம். கவசமே மின்சாரத்தைக் கடத்தும். உலோகம் இல்லாத ரகத்தைக் கனமான பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டால் எலிக்கும் வேலையில்லை.

இரண்டாவது, கோர்த்துக்கொண்டு போகும் முறை. இப்போது அலுவலகத்திலிருந்து ஏ, ஏயிலிருந்து பி, பியிலிருந்து சி என்று சீரியல் பல்பு மாதிரி போகிறது. பி பிளாக்கில் லிஃப்ட் வேலைக்காக மெயினை அணைத்தால் எஃப் பிளாக் இன்டர்காம் ஊமையாகிறது. இந்தப் பாடத்தை 1990களிலேயே நான் படித்திருக்க வேண்டும். அப்போது எங்கள் கிளையில் லெட்ஜர் பதியும் கம்ப்யூட்டர்களை டிவி வயர் போன்ற ஒற்றைக் கேபிளில் வரிசையாகக் கோர்த்திருந்தார்கள். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு டி வடிவ இணைப்பு, கேபிளின் இரண்டு முனையிலும் ஒரு மூடி. யாராவது நாற்காலியை நகர்த்தும்போது ஓர் இணைப்பு கழன்றால் போதும், கவுன்ட்டர் அத்தனையும் நின்றுவிடும். வாடிக்கையாளர்கள் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு முறைக்க, நாங்கள் மேஜைக்கடியில் தவழ்ந்து எந்த இணைப்பு என்று தேடுவோம். அதற்குப் பின்தான் உலகம் முழுக்க ஒரு மையப் பெட்டி, அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனி வயர் என்று மாறியது. நமக்கும் அதுவே வேண்டும். அலுவலக அறையை மையமாக வைத்து ஒவ்வொரு பிளாக்குக்கும் நேராக ஒரு ஃபைபர், ஒவ்வொன்றிலும் ஆறு இழை. இரண்டு இழை இன்றைக்கு, நான்கு நாளைக்கு. பள்ளம் தோண்டி, பேவர் பிளாக்கைப் பெயர்த்து, திரும்பப் பதிக்கும் கூலியோடு பார்த்தால் கூடுதல் இழைகளின் விலை பெரிதாகத் தெரியாது. கூடவே ஒரு காலிக் குழாயும் போட்டு உள்ளே நைலான் கயிறு விட்டுவிட வேண்டும்.

இனி கொட்டேஷன்களுக்கு வருகிறேன். மூன்றிலும் பாதிக்கு மேல் பணம் போவது மையத்து ஸ்விட்சுக்கு. விநாடிக்கு 10 ஜிகாபிட் வேகம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு கேமராவுக்கு 4 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 64 கேமராவும் ஒரே நேரத்தில் அனுப்பினால் 256 மெகாபிட். ஒரு ஜிகாபிட் பாதையில் அது கால்வாசி. 10 ஜிகாபிட் இன்றைக்கு நமக்கு எதற்கு? ஐந்தாறு வருஷம் கழித்துத் தேவைப்பட்டால், அதே ஃபைபரின் இரண்டு முனையிலும் பெட்டியை மாற்றினால் போதும், மண்ணைத் தொட வேண்டியதில்லை. மேஜைமேல் இருப்பதில் மிச்சம் பிடிக்கலாம், மண்ணுக்குள் போவதில் கூடாது. நான் போன தடவை செய்தது இதற்கு நேர்மாறு.

பிளாக்குகளில் வைக்கும் ஸ்விட்ச் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கேமராவுக்கு மின்சாரமும் இதே நெட்வொர்க் வயரில்தான் போகிறது. ஒரு துளைக்கு 30 வாட் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். 24 துளை, ஆகவே 720 வாட் என்று நாம் பெருக்கிவிடுவோம். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் மொத்தம் 370 வாட் என்று இருக்கும். எல்லோர் கையிலும் செக் புத்தகம் இருக்கிறது, அதற்காக எல்லோரும் ஒரே நாளில் வந்து பணம் கேட்டால் கிளையில் அவ்வளவு ரொக்கம் இருக்காது அல்லவா, அதைப்போல. கேமராக்கள் இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கைப் போட்டுக்கொள்வதால் இரவில்தான் அதிக மின்சாரம் இழுக்கும். மொத்த வாட்டைக் கூட்டிப் பார்க்காமல் வாங்கினால், பொறியாளர் பகலில் வந்து சோதிக்கும்போது எல்லாம் ஓடும், ராத்திரி இரண்டு மணிக்குச் சில கேமராக்கள் கண்ணை மூடும். ஆகவே இரவுக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் யுபிஎஸ்ஸும் சேர்த்துத்தான்.

பிளாக்குக்கு உள்ளே போவது தாமிரம்தான், அதிலும் ஏமாற்று உண்டு. அலுமினியக் கம்பிமேல் தாமிரப் பூச்சுப் பூசியதைத் தாமிரம் என்று விற்கிறார்கள். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். சீக்கிரம் ஒடியும், மின்சாரத்தையும் கொண்டுபோகும்போது சூடாகும். சுத்தத் தாமிரம் என்று ஆர்டரிலேயே எழுத வேண்டும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு வயருக்கும் சோதனை அறிக்கை வரட்டும். அது வராமல் கடைசித் தவணை கிடையாது.

கிளப் ஹவுஸ் வைஃபை விஷயம் சிறியதுபோலத் தெரியும். பிறந்தநாள் விருந்துக்கு வருபவரின் போனும், உங்கள் ஒவ்வொருவரின் மெயின்டனன்ஸ் கணக்கும் இப்போது ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன. வங்கியில் கவுன்ட்டர் ஹாலுக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கும் நடுவே சுவர் இல்லாத மாதிரி. ஒரே வயரில் மூன்று தனி நெட்வொர்க்காக, கேமரா, அலுவலகம், விருந்தினர் என்று பிரிக்கும் வசதி நல்ல ஸ்விட்சுகளில் ஏற்கெனவே இருக்கிறது. தனிச் செலவில்லை, செய்து தரச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பாஸ்வேர்டு நிறுவனத்திடம் மட்டும் இருப்பதும் கூடாது. ஒட்டிய கவரில் செயலாளரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று. எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்ற வரைபடமும் அதோடு இருக்கட்டும். போன முறை அது இல்லாததால்தான் அந்தப் பெட்டியைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது.

இதற்குக் கார்ப்பஸ் நிதியில் கைவைக்க வேண்டியிருக்கும், மறைக்கவில்லை. மையத்து ஸ்விட்சைக் குறைத்து, ஃபைபரையும் பள்ளத்தையும் கூட்டி, மூன்று நிறுவனங்களிடமும் திருத்திய கொட்டேஷன் கேட்கலாம் என்பதே இன்றைய தீர்மானம். ஐப்பசி மழைக்கு முன் பள்ளம் மூடப்பட வேண்டும் என்பதால் அடுத்த மாதக் குழுவிலேயே முடிவெடுக்க வேண்டும்.

தீர்மானத்தில் இன்னொரு வரி சேர்க்கும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன். அந்த ஒன்பது நாட்களில் கேமராக்கள் ஓடாததற்குக் காரணம் நம்முடைய கருவிக் கோளாறு, பின்வாசல் செக்யூரிட்டி அல்ல என்று ஏஜென்சிக்கு அசோசியேஷன் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். வரைவு நானே எழுதி வைத்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் படித்துப் பார்க்கலாம்.