முதலில் தண்ணீர், பிறகு களிம்பு

மார்கழியும் தையும் வந்துவிட்டால் கொடைக்கானல் மருந்துக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "அண்ணே, வெடிப்புக்கு நல்ல ஆயின்மென்ட்டா ஒண்ணு குடுங்க." கடைக்காரர் மேசைமேல் எடுத்து வைப்பார். வெள்ளை டப்பாவில் வாசலின், பச்சைக் குழாயில் போரோலின், மஞ்சள் களிம்பாக பர்னால், புண்ணுக்கென்று சோஃப்ராமைசின். இவற்றில் எதை, எதற்கு வாங்குவது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முதலில், இங்கே தோல் ஏன் வெடிக்கிறது என்று பார்ப்போம். ஏரிச்சாலையிலும் கீழ்பூமியிலும் மூடுபனி முகத்தில் ஈரமாக அடிக்கிறதே, இந்த ஊரில் வறட்சி எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்கிறார்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 5 டிகிரியில் 7 கிராம்கூடத் தாங்காது. அந்தக் குளிர்ந்த காற்று வீட்டுக்குள் வந்து, அடுப்பிலோ ஹீட்டரிலோ சூடேறியதும், கிடைத்த இடத்திலெல்லாம் ஈரத்தை உறிஞ்சத் தொடங்குகிறது. நம் தோலும் அதற்கு ஓர் இடம். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரில், சோப்பை அழுத்தித் தேய்த்துக் குளித்தால், தோலில் இயல்பாக இருக்கும் எண்ணெய்ப் பசையும் போய்விடும். மேல்தோல் விறைத்து, மடங்குகிற இடங்களில், அதாவது குதிகால், விரல்மூட்டு, உதட்டோரம் எல்லாம் பிளக்கிறது.

ஆக, தோலுக்கு வேண்டியது தண்ணீர். களிம்பு அந்தத் தண்ணீரைப் போகவிடாமல் மூடிவைக்கிற தட்டு, அவ்வளவுதான். காய்ந்து கிடக்கிற காலில் எவ்வளவு விலையுயர்ந்த களிம்பைப் பூசினாலும் அது காய்ந்த தோலைத்தான் மூடிவைக்கும்.

இதை ஒரு வைத்திய முறையாகவே நடத்திக் காட்டிய இடம் நம் தமிழ்நாடு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகளையும் கால்களையும் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்தவர். தொழுநோயால் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அழுகல் இல்லை, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால் ஏற்படும் காயங்கள்தான் காரணம் என்று அவர் எடுத்துக்காட்டினார். அதே நரம்புச் சேதத்தால் வியர்வையும் நின்றுவிடும். தோல் காய்ந்து வெடிக்கும். வெடிப்பு வழியாகக் கிருமி எலும்புவரை போகும். இதைத் தடுக்க வேலூர், கரிகிரி போன்ற மையங்களில் நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்த வழக்கம் மிக எளிமையானது. தினமும் இருபது நிமிடம் போலக் காலைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். காய்த்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்க்க வேண்டும். ஈரத்தை ஒட்டத் துடைக்காமல், அதன்மேலேயே எண்ணெயோ வாசலினோ பூச வேண்டும். எத்தனையோ பேரின் கால்களைக் காப்பாற்றிய பழக்கம் இது. ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் எண்ணெயும் போதும் என்பதால், எந்த ஏழை வீட்டிலும் செய்ய முடிந்தது.

சரி, மேலே எதைப் பூசலாம்? ஈரத்தைப் பூட்டிவைப்பதில் வாசலின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சுவது கடினம். அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ என்பவர் 1872-இல் காப்புரிமை பெற்ற பொருள் இது. வாசனை கிடையாது, மருந்து கிடையாது, அதனால் ஒவ்வாமையும் மிக அரிது. பிசுபிசுப்பு மட்டும்தான் குறை. இரவில் பூசிப் பருத்தி காலுறை போட்டுக்கொண்டால் அதுவும் தெரியாது. நம் தேங்காய் எண்ணெயும் சளைத்ததல்ல. வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்ட பிலிப்பைன்ஸ் ஆய்வு ஒன்று 2004-இல் வெளிவந்தது. இரண்டும் ஒன்றுபோலவே பலன் தந்தன. மலையில் ஒரே தொல்லை, 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். குறுகிய வாய்ப் பாட்டிலில் வைத்தால் காலையில் விரல்கூட நுழையாது. அகலவாய்ப் புட்டியில் வைத்து, உள்ளங்கைச் சூட்டில் உருக்கிப் பூசுங்கள்.

கல்கத்தாவில் 1929-இல் பிறந்த போரோலினில் போரிக் அமிலம், துத்தநாக ஆக்சைடு, கம்பளிக் கொழுப்பான லானோலின் ஆகியவை உண்டு. உதட்டு வெடிப்புக்கும் சின்னச் சிராய்ப்புக்கும் பெரியவர்கள் தாராளமாகப் போடலாம். போரிக் அமிலம் இருப்பதால் கைக்குழந்தைகளுக்கும், தோல் உரிந்த பெரிய புண்களுக்கும் வேண்டாம் என்பேன்.

சுற்றுலா வருகிறவர்கள் எல்லோரும் வாங்கிப்போகும் யூகலிப்டஸ் தைலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த மணம் இந்த மலையோடு கலந்துவிட்டது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அது ஈரம் காக்கும் பொருள் அல்ல. வெடிப்பில் தேய்த்தால் எரியும், தோல் இன்னும் சிவந்து புண்ணாகும். குழந்தையின் முகத்தருகே கொண்டுபோகவே கூடாது.

பூம்பாறைப் பக்கம் பூண்டு உரிக்கிற பெண்களின் கைகளைப் பார்த்திருப்பீர்கள். புவிசார் குறியீடு பெற்ற பூண்டு, பெருமைதான். அதை உரித்து உரித்து, பூண்டைப் பிடித்திருக்கும் கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள் மட்டும் தடித்து வெடித்திருக்கும். குளிர் வெடிப்பென்றால் இரண்டு கையிலும் வரும். இப்படி ஒரு கையின் சில விரல்களில் மட்டும் வந்தால், அது பூண்டிலுள்ள கந்தகச் சேர்மத்தால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். மெல்லிய ரப்பர் கையுறையைக்கூட அது ஊடுருவும். இதற்குக் களிம்பு மட்டும் போதாது. கொஞ்ச நாள் அந்த வேலையை மாற்றிக்கொண்டு, தோல் மருத்துவரிடம் காட்டுவதே வழி.

இனி, அடிவாரத்துக்கு வருவோம். தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்தும் திண்டுக்கல் வழியாகவும் பழனிக்கு வெறுங்காலில் நடந்து வருகிறவர்கள் எத்தனை பேர்! சாலையோர முகாம்களில் கொப்புளம் கண்ட பாதங்களைத் தொண்டர்கள் மடியில் வைத்துக் கட்டுப்போடுவதைப் பார்த்தால் மனம் நெகிழும். நடப்பவர்களுக்கு நான் சொல்வது, மாலை போட்ட நாளிலிருந்தே இரவில் காலை ஊறவைத்து எண்ணெய் பூசிவாருங்கள். பிளந்த குதிகாலோடு தார்ச்சாலையில் இறங்காதீர்கள். கொப்புளத்தைக் குத்தாதீர்கள். உடைந்துவிட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவி, ஜெல்லியைப் பூசி, துணி கட்டுங்கள். தொடை உரசும் இடத்திலும் அதே ஜெல்லி உதவும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் செருப்போடு நடப்பதை முருகன் குறையாகக் கொள்ள மாட்டான்.

புண்ணுக்கு ஆன்டிபயாடிக் களிம்பு வேண்டாமா? சுத்தமான சிறு காயத்துக்குப் பெரும்பாலும் வேண்டாம். சிறு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 900-க்கும் மேற்பட்டவர்களிடம் வெள்ளை ஜெல்லியையும் பாசிட்ராசின் களிம்பையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 1996-இல் வெளியானது. புண் சீழ்பிடிப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒவ்வாமை வந்தது பாசிட்ராசின் பூசிய சிலருக்குத்தான். சோஃப்ராமைசினில் உள்ள ஃபிராமைசெட்டின், நியோமைசின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதுவும் சிலருக்கு அரிப்பைக் கிளப்பும். புண் ஆறவில்லையே என்று மேலும் மேலும் பூசுவார்கள். ஆறவிடாமல் வைத்திருப்பதே அந்தக் களிம்பாக இருக்கும்.

இதைவிடக் கவலை தருவது ஸ்டீராய்டு கலந்த களிம்புகள். அரிப்புக்கும் முகம் வெளுக்கவும் சீட்டில்லாமல் வாங்கிப் பூசுகிறார்கள். தோல் மெலிந்து, படர்தாமரை உருமாறிப் பரவுகிறது. மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. டப்பாவின் மேல் பெயரைப் படித்து, தெரியாவிட்டால் கேட்டு, அதன்பிறகு வாங்குங்கள்.

சித்த மருத்துவத்தில் ஆறாத புண்ணுக்கு மத்தன் தைலம் இருக்கிறது. ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துருசு சேர்த்துக் காய்ச்சிய பச்சை நிற எண்ணெய். ஊமத்தையும் துருசும் நஞ்சு. சித்த மருத்துவர் சொன்னபடி மட்டும் போடுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

சூடு பட்டால் இட்லி மாவும் வேண்டாம், பேனா மையும் வேண்டாம், பர்னாலும் உடனே வேண்டாம். இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மஞ்சளாகவோ வெள்ளையாகவோ எதையாவது அப்பிவிட்டால், காயம் எவ்வளவு ஆழம் என்று மருத்துவரால் பார்க்க முடியாது.

தூண்பாறையிலும் கோக்கர்ஸ் வாக்கிலும் குரங்கு பிறாண்டினாலோ, தெருவில் நாய் கடித்தாலோ எந்தக் களிம்பையும் தேடாதீர்கள். சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் கூடவே கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை அங்கே இலவசமாகப் போடுகிறார்கள். முதல் ஊசியோடு நிறுத்தாமல், சொல்லும் தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ளுங்கள்.